சூடானால் குளிரும் இஞ்சின்

பூவரசந்துறையில் கயத்தான் என்று ஒருவன், அவனிடம் ஒரு இஞ்சின், அந்த இஞ்சின் ஓடி ஓடிச் சூடேற வேண்டிய நேரம் பார்த்துக் குளிர்ந்துபோகும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்கிறார்கள். நான் ரொசாரி. இருபத்தாறு வருஷமாக அந்தக் கரையில் வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவன். இஞ்சினைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் குளிரைப் பற்றி எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வள்ளத்தின் பின்னால் மாட்டித் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு ஓடுகிற இந்த இஞ்சின்களுக்கு எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோலில் கிளப்புவோம், ஐந்து நிமிஷம் ஓடிச் சூடு பிடித்ததும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம், கரைக்குத் திரும்பி நிறுத்தும் முன்னால் மறுபடியும் பெட்ரோலுக்கு வந்துவிடுவோம். மண்ணெண்ணெய் சோம்பேறி, சூடான இஞ்சினுக்குள் போனால்தான் எரியும், இல்லையென்றால் வெள்ளைப் புகையாக வெளியே வந்து மூக்கை எரிக்கும். கடைசி வரை பெட்ரோலிலேயே ஓட்டலாம்தான். அப்படி ஓட்டினால் பிடித்த மீன் முழுவதும் பெட்ரோல் பங்குக்குத்தான் போகும்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், சீலா மீன் வரத்து தொடங்கி எல்லா வள்ளங்களும் இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்குப் போய்க் கொட்டக் கொட்ட மீனோடு வந்துகொண்டிருந்தபோது, கயத்தானுடைய இஞ்சின் மட்டும் நாற்பது நிமிஷம் வரை நன்றாக ஓடும், கரையில் மாதா கோயில் கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துத் தெரிகிற அந்த இடம் வந்ததும் இரும ஆரம்பிக்கும், இருமி, திணறி, வெள்ளைப் புகை விட்டு, நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். பெட்ரோலுக்கு மாற்றிப் பையப் பையத் திரும்பி வருவார்கள். கரையை நெருங்க நெருங்க இஞ்சின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நன்றாக ஓடும். கயத்தானுக்கு அதுதான் ஆத்திரம்.

மெக்கானிக் வியாகுலத்திடம் கொண்டுபோனான். வியாகுலத்துக்கு ஒரு குணம், எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவான். இரண்டை ஒன்றாக மாற்றி இஞ்சின் சரியாகிவிட்டால், எது சரியாக்கியது என்று தெரியாமலே செத்துப்போவோமே என்பது அவன் கவலை. சம்பாதிப்பதைவிடத் தெரிந்துகொள்வதில் ஆசை அதிகமான ஒரே மெக்கானிக்கை நான் அந்தக் கடற்கரையில்தான் பார்த்தேன். அவன் பொண்டாட்டியிடம் கேட்டால் இதையே வேறு மாதிரிச் சொல்வாள்.

முதல் நாள் பிளக்கை மாற்றினான். இரண்டாம் நாள் எண்ணெய் டாங்கின் மூடியில் இருக்கிற காற்றுத் துளையை ஊதிச் சுத்தம் செய்தான், அது அடைத்திருந்தால் ஓட ஓட எண்ணெய் இறங்காமல் இஞ்சின் திணறும். மூன்றாம் நாள் எண்ணெய் டியூபை மாற்றினான். நான்காம் நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஐந்தாம் நாள் கடல்தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிர வைக்கிற பம்பின் ரப்பர் இதழ்களைப் பார்த்தான், அவை புதிதாக இருந்தன. ஆறாம் நாள் காயிலை மாற்றினான், சில காயில்கள் சூடேறினால் மட்டும் பொறி விடாமல் மக்கர் பண்ணும். ஒவ்வொரு நாளும் கொட்டகையில் டிரம்முக்குள் தண்ணீர் நிறைத்து இஞ்சினை மாட்டி இரண்டு மணி நேரம் ஓட விட்டான், அது பாட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு நாளும் கயத்தான் கடலுக்குக் கொண்டுபோனான், நாற்பதாவது நிமிஷம் அது இருமியது.

ஏழாம் நாள் வியாகுலம் தானே வள்ளத்தில் ஏறினான். இஞ்சின் இரும ஆரம்பித்ததும், சூடு எவ்வளவு என்று பார்க்க மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். சுட்டதால் அல்ல. நாற்பது நிமிஷம் ஓடிய இரும்பின் மேல் வேர்த்தது மாதிரித் தண்ணீர் பூத்திருந்தது.

மறுநாள் என்னைக் கூட்டிப்போனான். "ரொசாரியண்ணன், நீங்கதான் குளிர்ல பிறந்து வளந்த ஆளு. தொட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்றான்.

தொட்டேன். ஐஸ் குளிர் எனக்குத் தெரியும், அது தோலை மட்டும் கடிக்கும், கையை எடுத்தால் விட்டுவிடும். இது வேறு. மழையில் நனைந்து வந்தவர் நம் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார் பாருங்கள், அந்தக் குளிர். நம்மிடம் இருக்கிற சூட்டை அது கேட்கிறது.

"இது ஐஸ் இல்ல. யாரோ குளிர் காயுதாங்க," என்றேன்.

"அப்படின்னா இஞ்சின்ல கோளாறு இல்ல," என்றான் வியாகுலம். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. எட்டு நாளாக அவனைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். கயத்தான் பின்னால் உட்கார்ந்தபடி, "கோளாறு இல்லாட்டா எனக்கென்ன, மீன் யாரு பிடிக்க?" என்று கத்தினான்.

ஊருக்குச் செய்தி சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஒருவர்கூட இது நடக்குமா என்று கேட்கவில்லை. கடலுக்குள் கிடக்கிறவனுக்குக் குளிராதா, குளிர்ந்தால் சூடு இருக்கிற இடத்துக்கு வர மாட்டானா, இதில் கேட்க என்ன இருக்கிறது? கேட்டதெல்லாம் இரண்டுதான். யார் அது என்பது ஒன்று. நம் இஞ்சினுக்கு ஏன் வரவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியால்தான் ஊரில் பாதிச் சண்டை. கயத்தானுடையதைவிடப் பெரிய இஞ்சின் வைத்திருந்தவர்கள் அதே இடத்துக்குப் போய், மூடியைத் திறந்து வைத்து, வேலைவெட்டியை விட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. "அதுல சூடு ஒரு மாதிரிப் பதமா இருக்கும் போல," என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, தன் இஞ்சினைக் குறை சொல்லிவிட்டதாக இன்னொருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். பக்கத்து ஊரிலிருந்து நான்கு பேர் வந்து, அந்த இடம் தங்கள் கடல் எல்லைக்குள் வருகிறது, அதனால் குளிர் காய்கிறவர் தங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். மீனுக்கு எல்லை பேசலாம், இதற்குமா என்று கேட்டு அவர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். மாதா கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "குளிர் காயிறதுல பாவம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

எனக்கும் ஒரு வருத்தம் இருந்தது, மறைப்பானேன். கயத்தான் அந்த இடத்தைச் சுற்றிப் பிடித்த கொஞ்சநஞ்ச மீனையும் இஞ்சின் பக்கத்தில் வைத்தே விறைப்பாகக் கொண்டுவந்தான். ஐஸ் வேண்டாம் என்றான். இருபத்தாறு வருஷத்தில் ஐஸ் வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவன்.

யார் அது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்கள் நான்கு பேர். கரையில் ஒதுங்கியவர்களுக்குக் கல்லறை உண்டு, அவர்களுக்குக் குளிர் இல்லை. இந்த நான்கு பேரில் மூன்று பேர் பெயர் சாமியாரின் நோட்டில் இருக்கிறது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில், அந்த நோட்டில் இருக்கிற பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். உடல் கிடைக்காதவர் பெயரை அந்த நோட்டில் எழுதச் சொல்ல, அவர் பொண்டாட்டிக்கோ தாய்க்கோ மட்டும்தான் உரிமை. அவள் போய்ச் சொல்கிற வரைக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் அவர் உயிரோடு இருக்கிறவர். கலியாணப் பத்திரிகையில் அவர் பெயர் போடுவோம். திருவிழா அசன விருந்தில் அவருக்கும் ஒரு இலை விரித்துச் சோறு வைப்போம். அவர் பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அந்த இலையை மூடி எடுத்துப்போவாள்.

நான்காவது ஆள் இன்னாசி. ஏழு வருஷத்துக்கு முன்னால் தூண்டில் போடத் தனியாகப் போனவர், வள்ளம் மட்டும் திரும்பி வந்தது, சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது. கயத்தானுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவர் பொண்டாட்டி மெட்டில்டா கிழிந்த நண்டு வலைகளைப் பொத்துகிறவள், கை ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடும், ஏழு வருஷமாக அவள் நோட்டுப் பக்கமே போகவில்லை. யாராவது கேட்டால், "வருவாவ. வரும்போது வருவாவ," என்பாள். நாங்களும் வருவார் என்றே பேசினோம்.

வியாகுலம் இஞ்சினைப் பார்த்த மாதிரியே இதையும் பார்க்கலாம் என்றான். ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு வீட்டிலிருந்து, அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டுக்காரர் கையால் சூடு பண்ணிய ஏதாவது ஒன்றைக் கொண்டுபோவது. நாற்பதாவது நிமிஷம் இஞ்சின் பக்கத்தில் அதைத் திறந்து வைப்பது. குளிர் காய்கிறவர் அந்த வீட்டு ஆள் என்றால், இஞ்சினை விட்டுவிட்டுத் தன் வீட்டுச் சூட்டைத்தான் எடுத்துக்கொள்வார். ஊரே தலையாட்டியது. அந்நியர் வீட்டு அடுப்பில் எந்த மனுஷன் குளிர் காய்வான், தன் வீட்டு அடுப்பு பக்கத்தில் இருக்கும்போது?

முதல் நாள், நோட்டில் பெயர் இருக்கிற மூவரில் மூத்தவரான குருசு பெரியவர் வீடு. அவருடைய இரண்டு மகள்களும் சுக்குக் காப்பி போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். வியாகுலம் நாற்பதாவது நிமிஷம் மூடியைத் திறந்து வைத்தான், கால் மணி நேரம் பார்த்தான், பிறகு சோதனைக்காக ஒரு வாய் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டான். இரண்டாம் நாள் மிங்கேல் வீடு. பீடி இல்லாமல் அவர் இருந்ததே இல்லை என்பதால் அவர் தாய் சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு போட்டுக் கொடுத்தாள். கங்கு சிவப்பாகவே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் லியோன் வீடு. லியோன் பத்தொன்பது வயதில் போனவன். அவன் தாய் சுடுசோறும் சாளைக் குழம்பும் தூக்கில் அடைத்துத் துணி சுற்றிக் கொடுத்தாள். அன்றைக்குக் கரையில் நிறையப் பேர் நின்றோம். வள்ளம் வந்தது, வியாகுலம் தூக்கை அவள் கையில் கொடுத்தான், அவள் திறந்தபோது ஆவி பறந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். தன் மகன் இல்லை என்பது நிம்மதியா, வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு ஊர் முழுவதும் ஒரு திசையில்தான் பார்த்தது.

மெட்டில்டா வலைக் கொட்டகையில் தலை நிமிராமல் பொத்திக்கொண்டிருந்தாள். கயத்தான் போய் நின்றான், நானும் வியாகுலமும் அவன் பின்னால் நின்றோம். "மைனி, ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுத்தாப் போதும்," என்றான்.

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டு ஆளு வந்தா வீட்டுக்கு வருவாவ," என்றாள். "இஞ்சினுக்கா வருவாவ? அவியளுக்கு வீடு தெரியாதா?"

திரும்பி வந்தோம். அன்று ராத்திரி கயத்தானின் பொண்டாட்டி, இன்னாசி விரும்பிக் குடிக்கிற உளுந்தங்கஞ்சியை வைத்துக் கொடுக்க, மறுநாள் அதைக் கொண்டுபோனார்கள், அது சூடாகவே திரும்பியது. "வேற வீட்டு அடுப்பை வச்சுக் கணக்குப் பாக்காத," என்று வியாகுலம் அவனைத் திட்டினான். "இப்ப என்ன தெரிஞ்சுக்கிட்ட? ஒண்ணும் தெரிஞ்சுக்கல. ஒரு நாள் வீணாப் போச்சு."

எனக்கு மெட்டில்டா மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று என் வீட்டில் சத்தம் போட்டேன். என் பொண்டாட்டிதான், "அந்தத் தண்ணி ஆறிப் போய் வந்துட்டா அவ புருஷன் செத்துட்டான்னு அர்த்தம். நீ குடுப்பியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் நான் சத்தம் போடவில்லை.

அக்டோபர் பாதி போயிற்று. கயத்தானோடு தொழிலுக்குப் போகிற மூன்று பேரும் வேறு வள்ளத்துக்கு மாறிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, சீலா வரத்து இன்னும் ஒரு மாதம்தான். அவன் கடைசியாக இஞ்சினைக் கழற்றி விற்பது என்று முடிவு செய்தான். பழைய இரும்பு எடுக்கிற ஆளிடம் பேசிவிட்டான். வாங்குகிறவன் அதைப் பிரித்துப் பாகம் பாகமாகத்தான் விற்பான், வேறு வழி கிடையாது, குளிர்கிற இஞ்சினை முழுசாக எவன் வாங்குவான்?

இதைக் கயத்தான் மெட்டில்டாவிடம் சொல்லப் போகவில்லை. அவளே கேள்விப்பட்டு வந்தாள். கையில் வலை ஊசியோடு, முட்டு வரைக்கும் தூக்கிச் செருகின சேலையோடு, வியாகுலத்தின் கொட்டகைக்கு வேகமாக வந்து நின்றாள்.

"இஞ்சினை விக்கப் போறியாமே."

"வேற என்ன செய்ய, மைனி?"

"அப்ப அங்கன வாரவரு என்ன செய்வாரு?"

வியாகுலம்தான், "அது யாருன்னே தெரியலையே, மைனி," என்றான். அவனுக்கு அந்த ஆசை மட்டும் அடங்கவே இல்லை.

"யாரா இருந்தா என்ன? நடுக்கடல்ல ஒருத்தன் குளிர்ல நடுங்குதான். நீங்க அடுப்பைத் தூக்கி இரும்புக்கடையில போடுவிய. நல்ல ஆம்பிளைய." கொஞ்ச நேரம் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடுதண்ணி எல்லாம் தர மாட்டேன். நான் வாரேன். எங்க வீட்டு ஆளு இல்லன்னு நானே தொட்டுப் பாத்துச் சொல்லுதேன். அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இஞ்சின் குளிர்வதை ஒரே சாயங்காலத்தில் ஏற்றுக்கொண்ட எங்கள் ஊர், ஒரு பொம்பிளை வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போவதை ஏற்றுக்கொள்ள ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தைத் தள்ளுவார்கள், மீனைச் சுமப்பார்கள், வலை பொத்துவார்கள், ஏற மாட்டார்கள். மீன் ஓடிவிடும் என்றார்கள். கயத்தான் வள்ளத்தில் ஓடுவதற்கு மீன் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். கூட்டம் போட்டுப் பேசினார்கள், கூட்டம் முடிந்து மறுபடியும் பேசினார்கள், சாமியாரிடம் போனார்கள், அவர் ரோஜாச் செடியிலிருந்து தலையைத் தூக்காமல், "புருஷன் பொண்டாட்டி விஷயம்," என்று மட்டும் சொன்னார். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், ஊரே கரையில் நிற்க, கயத்தான், வியாகுலம், மெட்டில்டா, நான், நான்கு பேரும் ஏறினோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். வியாகுலம் கூப்பிட்டான், கூப்பிடாவிட்டாலும் ஏறியிருப்பேன்.

பெட்ரோலில் கிளப்பி, சூடு பிடித்ததும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினான் கயத்தான். அவன் பின்னால் இஞ்சின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்திலேயே, வள்ளத்தின் அடித்தட்டில், இஞ்சின் பக்கம் காலை நீட்டி, வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் நின்ற எங்களுக்கு முகம் தெரியாதபடி உட்கார்ந்தாள் மெட்டில்டா. வழியெல்லாம் வாய் ஓயவில்லை. வள்ளம் இவ்வளவு ஆடும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றாள், கடல் தண்ணீர் நடுவில் இப்படிக் கறுப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை என்றாள், இத்தனை வருஷம் தான் பொத்திய வலை எல்லாம் இந்தக் கறுப்புக்குள்தான் இறங்கியதா என்று கேட்டாள். வியாகுலம் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தான். கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்தது.

இஞ்சின் இருமியது.

"வந்துட்டாரு, மைனி," என்றான் கயத்தான்.

மெட்டில்டா பேச்சை நிறுத்தினாள். மெல்ல எழுந்து, மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெள்ளைப் புகை எங்கள் மூஞ்சியில் அடித்தது.

"எங்க வீட்டு ஆளு இல்ல," என்றாள்.

"நல்லாப் பாத்தீங்களா, மைனி?" என்றான் வியாகுலம்.

"அவிய கை எனக்குத் தெரியாதா? இது யாரு கையும் இல்ல, வெறும் குளிரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, சின்னப் பிள்ளை மாதிரி வாய் நிறையச் சிரித்தாள், எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வருவாவ," என்று சொல்லிக்கொண்டே, களைத்துப்போய், பழையபடி காலை நீட்டி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் சட்டென்று முதுகை நிமிர்த்தினாள்.

"தள்ளிப் படுங்க," என்றாள்.

எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் குரலும் எங்களிடம் பேசுகிற குரல் இல்லை. தூக்கக் கலக்கத்தில், எரிச்சலில், நாளைக்கு இருபது தரம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு சொல்லைச் சொல்கிற மாதிரி, அவள் அறியாமலே வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. கயத்தான் என்னைப் பார்த்தான். நான் அவள் பக்கம் போனேன். சேலைக்குக் கீழே அவளுடைய இரண்டு கெண்டைக்காலிலும் சதை உள்ளே அமுங்கியிருந்தது, இரண்டு பாதம் வைத்து அமுக்கிய மாதிரி, அந்த இடம் மட்டும் வெளுத்து மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"காலு," என்றாள் மெட்டில்டா. "கலியாணமான அன்னைக்கிலிருந்து இதேதான், அண்ணன். கடலுக்குப் போயிட்டு வந்து, விறைச்ச காலைத் தூக்கி எங்காலு மேல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாவ. நான் கத்துவேன். தள்ளிப் படுங்கன்னு கத்துவேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவ, தள்ளிப் படுத்துருவாவ. கடைசியாப் போனாவளே, அன்னைக்கும் கத்தினேன்."

அமுங்கியிருந்த சதை மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவர் தள்ளிப் படுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இஞ்சின் முன்னைவிட மோசமாக இருமியது.

"வேண்டாம்," என்றாள் அவள். இரண்டு கையாலும் சேலையை முட்டுக்கு மேலே ஏற்றி, காலை இன்னும் நீட்டி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். "வேண்டாம், இருக்கட்டும். இங்கனயே வைங்க. நான் ஒண்ணும் சொல்லல. வைங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டாள், கெண்டைக்காலில் இரண்டு பள்ளம் மறுபடியும் விழுந்தது. இஞ்சின் ஒரு தரம் தும்மியது, வெள்ளைப் புகை மெலிந்தது, சத்தம் மெல்ல மெல்ல ஒன்றுகூடி ஒரே சீராக வந்தது. வள்ளம் மூக்கைத் தூக்கி ஓட ஆரம்பித்தது. வியாகுலம் இரும்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான், சுட்டுவிட்டது. எத்தனையாவது நிமிஷம், எவ்வளவு நேரம் என்று ஒன்றையும் அவன் பார்க்கவில்லை. கயத்தான் கைப்பிடியை விடாமல் மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். நாங்கள் அரை மணி நேரம் போயிருப்போம், கோபுரம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மெட்டில்டாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் என் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டேன்.

"சாமியார் மூணு மணிக்கு மேல தூங்கப் போயிருவாரு," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "அதுக்குள்ள போயி நோட்டுல பேரு எழுதச் சொல்லணும்." பிறகு குனிந்து, தன் காலடியில் இருந்த வெறும் பலகையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்கிடாதீங்க. ஏழு வருசம் நானும் பாத்துட்டேன்."

கயத்தான் வள்ளத்தைத் திருப்பக் கைப்பிடியைத் தள்ளினான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்பவே திருப்பாத, கயத்தான். அவிய காலு இன்னும் சூடேறல. இன்னுங் கொஞ்ச தூரம் போ."